வசுபாரஸ் அன்று போடாத ஊசி

சினை மாடு குறைமாதத்திலேயே கன்றைப் போட்டுவிடும் கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசியை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போடுவோம். அதுவும் நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் இருக்கும் கிடேரிக் கன்றுக்கு மட்டும். வயது தாண்டினால் தாண்டியதுதான். கால்நடை மருத்துவராக இதை எத்தனை வீட்டில் கத்திச் சொல்லியிருப்பேன்! என் அரைகுறை மராத்தியைக் கேட்டுச் சிரிப்பவர்கள்கூட என் கோபத்துக்குப் பயப்படுவார்கள்.

ஆகுர்டியில் தொழிற்சாலை மதிலை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு நான்கு மாடு வைத்திருந்த அக்கா தமிழ்க்காரர். புருஷன் போன பிறகு அந்தப் பால்தான் அவருக்குச் சோறு. நான் போனால் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சாய் போட்டுக் கொடுத்து வாய் ஓயாமல் பேசுவார்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். ஏழரை மாதக் கிடேரி நெற்றியில் மஞ்சள் குங்குமத்தோடு நின்றது. அன்று வசுபாரஸ், பசுவையும் கன்றையும் கும்பிடும் நாள். அன்றைக்குப் பாலைத் தொட மாட்டார்கள்; சாயில்கூடப் பால் இல்லை.

"இன்னிக்கு மட்டும் வேணாம் டாக்டரம்மா. பூஜை பண்ண கையால புடிச்சுக் குடுக்க மனசு வரல. நாளைக்கு வாங்க, பக்கா போட்டுடலாம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அக்காவிடம் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாளே லீவு போட்டு கோயம்புத்தூருக்கு ரயிலேறினேன். திரும்பியதும் கோமாரி ஊசி வேலை பிடித்துக்கொண்டது. ஞாபகம் வந்தபோது எட்டு மாதம் தாண்டியிருந்தது. ஒரு கன்றுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தக் கிடேரி வளர்ந்து, முதல் சினையில் ஏழாம் மாதமே கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழாமல் தொங்க, அக்கா வெறுங்கையால் இழுத்துப் போட்டிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் மாட்டுக்கு அதே நோய் என்று வந்தது. தொட்ட மனிதருக்கும் தொற்றும் நோய் அது; சில வாரங்களில் அக்காவுக்கும் வந்தது. விட்டு விட்டுக் காய்ச்சல், இடுப்புவலி, விரல் மூட்டெல்லாம் வீக்கம். மாத்திரைகள் முடிந்தும் விரல் மடங்கிப் பால் கறக்க வரவில்லை. நோயில்லாத மூன்று மாடுகளையும் விற்றுவிட்டார். நோய் வந்ததை விற்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அது மட்டும் கொட்டகையில் நிற்கிறது.

போன மாதம் பார்க்கப் போனேன். விரல்களை நீவியபடியே சொன்னார்: "அன்னிக்குப் பூஜையில என்னமோ கொற வெச்சுட்டேன் போல. அதான் சாமி இப்படிப் பண்ணிடுச்சு."

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"பூஜையில கொறை ஒண்ணும் இல்லீங்க அக்கா. வர்றேன்னு சொல்லிட்டு நான்தான் வரல. அந்த ஊசி போட்டிருந்தா அநேகமா இது வந்திருக்காதுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.



"மறுநாள் கன்னைப் புடிச்சுக் கட்டிட்டு சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருந்தேன் டாக்டரம்மா" என்றார். "உங்களுக்குத்தான் ஒடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்."