ஞாயிறு வேலைநாளான வருடம்

அறுபத்தாறாம் ஆண்டு இலங்கை அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையை வேலைநாளாக்கிவிட்டு, நிலவைப் பார்த்து லீவு கொடுக்கத் தொடங்கியது. அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் அரை நிலா நாட்கள், இவைதான் இனிப் போயா விடுமுறை. ஆரையம்பதிப் பக்கம் வாவிக்கரையில் இருந்த எங்கள் கத்தோலிக்க வீட்டில் தொங்கியதோ கோயிலில் தந்த நாட்காட்டி. அதில் ஞாயிறு மட்டும்தான் சிவப்பு. ஒரு நாட்டுக்கே கிழமை மாறுமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத இருபது வயது, அப்பாவைத் துளைத்தெடுத்தேன்.

"வாவியில மீனுக்கு லீவு இல்ல. நீ உன்ட வேலையப் பாரு" என்றார்.

ஆனால் அந்த லீவு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கந்தோர் வேலை, அரசாங்க அலுவலகத்தில். வருகிற போயாவுக்குத் தாயோடு வந்து பெண் பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். அது என்றைக்கு? பக்கத்து வீட்டில் பஞ்சாங்கம் இருந்தது. கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும், குழப்பவும் ஆள் வந்துவிடும் என்று அப்பாவுக்குப் பயம். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரியிடம், பிறை எப்போது கண்டது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு, அன்றிலிருந்து விரல்விட்டு எண்ணினார். அரசாங்கமோ அமாவாசையிலிருந்து எண்ணுகிறது. அமாவாசை கழிந்துதான் பிறை கண்ணில் படும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

வீடு மெழுகாமல், பலகாரம் சுடாமல், நான் இறால் உரித்த கையோடு நிற்கிறேன். வாசல் படலையில் மாப்பிள்ளையும் தாயும்! அம்மா அப்பாவைக் கூப்பிட வாவிக்கு ஓடினார். இரவு ரயிலில் வந்த களைப்பில் மாப்பிள்ளையின் தாய் உள்ளே பாயில் சாய்ந்தார், கண்ணயர்ந்துவிட்டார்.

முறைப்படி நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு மறைந்திருக்க வேண்டும். விருப்பமா என்று பெண்ணைக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அக்காவையும் கேட்கவில்லை. அவள் வாயே திறக்காத மனிதரோடு இன்றுவரை மல்லுக்கட்டுகிறாள். எனக்கும் அப்படி அமைந்துவிடுமோ என்று உள்ளூர நடுக்கம்தான். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டே விட்டேன்.

"ஞாயிறு வேலையெண்டா பூசைக்கு என்ன செய்வீங்க?"

அவர் திடுக்கிட்டார். பிறகு சிரித்தார். "விடியப்பூசைக்குப் போயிட்டுக் கந்தோருக்கு ஓடுவன். போன முறை சுவாமியாரின்ட பிரசங்கத்தில நித்திரையாகிட்டன்."

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படியும் ஒருவர் சொல்வாரா? எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சந்திரனை நம்பி லீவு விடுகிற கந்தோர் பற்றி நான் ஒன்று கேட்டால் அவர் இரண்டு சொன்னார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று என்னையும் கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

அப்பா இடுப்பில் ஈரச் சாரத்தோடு மூச்சிரைக்க வந்தார். "தம்பி, நாளைக்கெல்லோ போயா!" என்றார். இன்றுதான் என்று மாப்பிள்ளை சொல்ல, தவறு புரிந்து அப்பாவுக்கு முகமெல்லாம் வெட்கம். "நிண்டு போங்க. நாளைக்குப் புள்ளைய முறையாப் பார்த்து முடிவெடுப்பம்."

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"நான் பார்த்திட்டன், அப்பா. எனக்கு விருப்பம்."