பார்த்தால் தெரியவில்லையாம்

என் மகள் பவுடர் டப்பாவைத் திறந்தாள். அந்த வாசனை பட்டதும், கடப்பாக்கத்துப் பக்கம் எங்கள் குடிசைக்கு ஜீப் வந்த நாள் எதிரே வந்து நின்றுவிட்டது.

அக்கா பத்தாவது பாஸாகியிருந்தாள். இருளர் என்று சான்றிதழ் கிடைத்தால்தான் மேலே படிக்க உதவித்தொகையும் விடுதியும். விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும், நைனா எலிக்கிட்டியையும் கடப்பாரையையும் சவுக்குத் தோப்பில் ஒளித்துவைத்தார்.

"பெரிய மனுசன் வரசொல்ல வூடு சுத்தமா இருக்க வேணாமாடா?" என்றார் என்னிடம். அம்மா இரவல் புடவை கட்டினாள். அக்காவுக்கு முகமெல்லாம் பவுடர்.

அதிகாரி சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "உங்களைப் பார்த்தா இருளர் மாதிரியே தெரியலையே!"

நைனா தோப்புக்கு ஓடி, எலிக்கிட்டியோடு மூச்சிரைக்கத் திரும்பினார். "சார், இத்த பாருங்க சார். நாங்க எலி புடிக்கிறவங்கதான் சார்!"

"இதை யாருகிட்ட இரவல் வாங்கினே?" என்று கேட்டுவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பவுடர் எப்போதோ போயிருந்தது. அடுத்த மாதம் செங்கல் சூளைக்குப் போனாள்.

இன்று மதியம் என் மகளின் சான்றிதழுக்காக விசாரணைக்கு வருகிறார்கள். அவள் துடைப்பத்தோடு வந்து கேட்கிறாள்: "நைனா, வூட்டைப் பெருக்கட்டுமா, வேணாமா?"