அடுத்தவர் பெயரில் ஆயுள் அனுமதி

என்னிடம் பதினோரு ஆயுள் அனுமதிகள் இருக்கின்றன. பெரிய பேஸ்பால் மைதானம் எதற்குள்ளும் சாகும்வரை காசில்லாமல் போய் வரலாம் என்று ஒவ்வொன்றும் சொல்கிறது. ஆனாலும் எங்கள் ஊர் மில்வாக்கியில் ஆட்டம் பார்க்க நான் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கித்தான் போவேன், அதுவும் ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரி தெரிகிற உச்சி வரிசைக்கு. அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட என் பெயரில் இல்லை. பிறருக்கு மாற்றத்தக்கது அல்ல என்று ஒவ்வொன்றின் பின்னாலும் அச்சிட்டிருக்கிறார்கள்.

கிளெமன்ட் டூடெக் என்ற பெயரை எதிலும் பொறிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்பட்டதில்லை. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இளவயதில் எங்கள் தேவாலய அணிக்கு ஒரே ஒரு கோடை பந்து வீசினேன். நான் வீசிய கடைசிப் பந்தை எதிரணிக்காரன் அடித்த அடியில் பக்கத்து இறைச்சிக் கடையின் கண்ணாடி போயிற்று. பாதிரியார் தோளில் கைபோட்டு, "கிளெம், நீ காணிக்கைத் தட்டைப் பாத்துக்கப்பா" என்றார். அத்தோடு என் ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

நீண்ட காலம் பெரிய அணிகளில் ஆடியவர்களுக்கு இந்த அனுமதியை உள்ளங்கையில் அடங்கும் வெள்ளித் தகடாகத் தருவார்கள். இன்னும் நீண்ட காலம் ஆடியவர்களுக்குத் தங்கத்தில். அவர்கள் இறந்ததும் வீட்டைக் காலி செய்பவர்கள் பழைய பொருள் வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள். வியாபாரி என்னிடம் தள்ளிவிடுவார். எனக்கு அடுத்து தள்ள ஆளில்லை.

என் மனைவி பெர்னடின் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். குழந்தைகளை அதட்டிப் பழகிய குரல். "ஏன் கிளெம், அடுத்தவன் வீட்டுச் சாவியா பாத்து வாங்கிட்டு வர. நம்ம வீட்டுச் சாவி எங்கன்னு கேட்டா முழிக்கிற" என்பாள். வருபவர்களிடமெல்லாம், "இவர்கிட்ட தங்கம் வெள்ளியெல்லாம் நிறைய இருக்கு. எதுலயும் ஒரு மோதிரம்கூட பண்ண முடியாது" என்பாள்.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்குப் பன்னிரண்டாவது தகடு கிடைத்தது. 'திரு. ஆர்வில் ஸ்ட்ரௌட், திருமதி ஸ்ட்ரௌட்' என்று பொறித்த வெள்ளித் தகடு. ஸ்ட்ரௌட் மாற்று ஆட்டக்காரர். வீசுகிற பந்தை மட்டைக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிற வேலை. முதல் ஆளுக்கு அடிபட்டால்தான் இவரைக் கூப்பிடுவார்கள். தகட்டின் ஒரு விளிம்பு முழுக்கக் கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தவை. நான் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தேன். ஊர் ஊராக மைதான வாயில்களில் எடுத்து நீட்டி நீட்டி விழுந்த கீறல்கள் என்று முடிவுக்கு வந்தேன். சேகரிப்பாளர் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். கேட்டவர்களில் ஒருவர் தூங்கிவிட்டார், மற்றவர்கள் மரியாதை கருதி விழித்திருந்தார்கள்.

அப்புறம்தான் ஸ்ட்ரௌட் உயிரோடு இருப்பது தெரிந்தது, அதுவும் ஒரு மணி நேரத் தொலைவில், ஷிபாய்கனில். தகட்டோடு நிற்கிற மாதிரி ஒரு புகைப்படமும் ஒரு கையெழுத்தும் வாங்கிவிட்டால் என் சேகரிப்பிலேயே அதுதான் மகுடம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அவருடைய மகள் ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். உள்ளே உயரமான, வளைந்த கிழவர் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேசத் தயார் செய்து வந்த முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அவர் கத்தியைப் போட்டுவிட்டார்.

"ஆர்டிஸ்! இங்க பாரு, என் சுரண்டி!"

"சுரண்டியா?" என்றேன்.

"ஆமாப்பா. வண்டிக் கண்ணாடியில பனி உறைஞ்சுபோச்சுன்னா இத மாதிரி எதுவும் சுரண்டாது. பழைய வண்டிய விக்கும்போது உள்ளயே விட்டுட்டேன். எத்தனை வருஷமா தேடறேன்!"

என் சொற்பொழிவை நினைத்துக்கொண்டேன்.

"சார், மைதானத்துக்கு இத எடுத்துட்டுப் போனதே இல்லையா?"

"எதுக்கு? பத்து வருஷம் பெஞ்சுல உக்காந்து உக்காந்து தேஞ்சேன். அதுக்குப் பரிசா, ஆயுசு முழுக்க வந்து சும்மா உக்காருன்னு குடுத்தாங்க. எவன் போவான்?"

சொல்லிவிட்டுத் தகட்டைத் துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் கையைப் பிடித்து, "இதக் குடுக்கணும்னு இவ்ளோ தூரம் வந்திருக்கியே தம்பி. உன்ன மாதிரி ஆளுங்க இந்தக் காலத்துல ஏது" என்றார். எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. தம்பி என்று கூப்பிட்ட மயக்கம் பாதி, ஆர்டிஸ் பரிமாறி என் வாயை அடைத்த பன்றி இறைச்சி சாசேஜ் பாதி. மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. புளிக்க வைத்த முட்டைக்கோஸை இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு திரும்பினேன்.

பெர்னடின் குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கையெழுத்து வாங்கப் போய் தகட்டையே குடுத்துட்டு வந்தியா? அடுத்த வாரம் இன்னொருத்தர் வீட்டுக்குப் போ. அலமாரி சீக்கிரம் காலியாயிடும்."

ஜூன் மாதம் தொலைபேசி மணி அடித்தது. ஸ்ட்ரௌட்தான்.

"ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ல ஆட்டமாம். தகட்டுல ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. என் பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. ஆர்டிஸுக்கு பேஸ்பால்னாலே கொட்டாவி. நீ வரியா?"

வருகிறேன் என்று நான் சொன்ன சத்தத்தில் பெர்னடின் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

வாயிலில் எல்லோரும் கைப்பேசியைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரௌட் தகட்டை நீட்டினார். அங்கே நின்ற பெண் அதை டிக்கெட் படிக்கும் கருவியின் கீழே காட்டிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், லேசாகத் தட்டியும் பார்த்தாள்.

"என்ன தாத்தா இது?"

நான் இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். இந்தத் தகடுகள் எப்படி வந்தன, தங்கம் யாருக்கு, வெள்ளி யாருக்கு, எந்த உலோகத்தின்மேல் எப்படிப் பூசுகிறார்கள்... பின்னால் வரிசை நீண்டது. "யாராவது அந்த ஆள நிறுத்துங்கய்யா, ஆட்டம் முடிஞ்சிடும்!" என்று ஒருவர் கத்தினார்.

மேற்பார்வையாளர் வந்தார். அகன்ற உடம்புக்காரர். ஸ்ட்ரௌட்டின் அடையாள அட்டையை வாங்கி எங்கேயோ பேசினார், தலையாட்டினார். பிறகு தகட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல திருமதின்னு போட்டிருக்கு. திருமதி ஸ்ட்ரௌட் எங்க?"

நான் விதியை விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்ட்ரௌட் முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் என்னைக் காட்டினார்.

"இதோ நிக்கறாங்களே."

மேற்பார்வையாளர் என் தொப்பையையும் மீசையையும் நிதானமாகப் பார்த்தார். "அப்படியா? உள்ள வாங்கம்மா" என்று வழிவிட்டார். வரிசை முழுக்கக் கைதட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஆயுள் அனுமதியில் மைதானத்துக்குள் நுழைந்தேன், திருமதி ஸ்ட்ரௌட்டாக.

எங்களுக்குக் கிடைத்தது கீழ்வரிசை. ஆட்டக்காரர்களின் முகத்து வியர்வைகூடத் தெரிந்தது. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரௌட் பந்தைப் பார்க்கவே இல்லை. ஆட்டக்காரர்களின் பெஞ்சு ஓரத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஒரு பையனைக் காட்டினார்.

"அவன் எப்படி உக்காந்திருக்கான் பாரு. சாஞ்சு உக்காரல. கூப்பிடுவாங்கன்னு இன்னும் நம்பறான். நானும் நாலு வருஷம் அப்படித்தான் உக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சாஞ்சுட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அன்னிக்கு சாப்பிடும்போது நீ என் சட்டைப் பையையே பாத்துட்டு இருந்த. நீ திருப்பிக் குடுக்க வரலன்னு நீ போனப்புறம்தான் எனக்கு உறைச்சுது."

எனக்குக் காது சுட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"திருப்பித் தரமாட்டேன். எனக்குக் குளிர்காலத்துல வேணும். ஆனா எப்போ கூப்பிட்டாலும் கூட்டிட்டு வரேன்."

அவரை ஷிபாய்கனிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடும் பெட்ரோல், வண்டி நிறுத்தும் கட்டணம், அவர் தின்ற மூன்று சாசேஜ் எல்லாம் என் கணக்கு. உச்சி வரிசையில் நானாகப் போய் உட்கார்ந்திருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. பெர்னடினிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் திருமதி ஸ்ட்ரௌட். அடுத்த வீட்டுக்காரர்களும் பழகிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் நாங்கள் நான்கு ஆட்டங்களுக்குப் போனோம். நான்காவது முடிந்து வண்டியில் ஏறும்போது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"செவ்வாய்க்கிழமை என்ன பண்ற?"

"சும்மாதான் சார். கோடையில யாரு உலையப் பத்தி நினைக்கறாங்க."

"எங்க ஊர்ல பந்த உருட்டிக் கட்டையச் சாய்க்கற கூடத்துக்கு வா. அங்க உள்ள போகக் காசு கேப்பான். ஆனா நம்மள ஆட விடுவான்."

போனேன். பெர்னடினும் வேடிக்கை பார்க்க வந்தாள். எழுபத்தெட்டு வயதுக் கிழவர், குந்திக் குந்தியே முழங்கால் தேய்ந்தவர், என்னை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்தார். நான்காவது ஆட்டத்துக்கு பெர்னடின் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். அவள் அவரைத் தோற்கடித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொண்டேன்.