கத்தரிச் செடிகளைக் கொன்றவனின் ஸ்தோத்திரம்

2006 கோடையில் நான் வாரம் இரண்டு தடவை செத்துக்கொண்டிருந்தேன். கொண்டாப்பூர் ஆபீஸில் லிஃப்ட் கதவு மூடினால் போதும், நெஞ்சு அடைக்கும், கை மரத்துப்போகும். நான்கு முறை ஈசிஜி எடுத்தாயிற்று. நான்காவது முறை நர்ஸம்மா என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே எழுதினார். பீதி நோய் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

இந்த மகா விசுவாசி என்ன செய்தான்? உபவாச ஜெபத்தில் எழுந்து, “சுகமாகிவிட்டேன், மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டேன்” என்று சாட்சி சொன்னான். சபையாரே, நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். பத்தாம் நாள் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

“ஏங்க, சாகறதா இருந்தா கதவைத் திறந்துட்டு சாவுங்க. பிள்ளை குளிக்கணும்” என்றாள் என் மனைவி எஸ்தர். கதவை விட்டு நகரவில்லை. நான் லீவில் இருந்தேன்; மூன்று மாதத்துக்குள் திரும்பாவிட்டால் வேலை கிடையாது என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

“ஆண்டவரே, இன்றைக்கே குணமாக்கும், இல்லையென்றால் எடுத்துக்கொள்ளும்” என்று பாத்ரூமுக்குள்ளேயே ஜெபித்தேன். இரண்டும் நடக்கவில்லை. எஸ்தர் என்னை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் மறுபடி மாத்திரை எழுதி, தார்நாகாவில் நோயாளிகள் போடும் காய்கறித் தோட்டத்துக்கும் அனுப்பினார்.

அங்கே எல்லாரும் ஜோடி ஜோடி. ஒருவர் பம்பு அடிக்க, மற்றவர் குடம் சுமக்க வேண்டும். ஜோடி வராவிட்டால் தண்ணீர் கிடையாது. வராத ஜோடியை மற்றவர்தான் போய்க் கூட்டி வர வேண்டும். என் ஜோடி கமலாக்கா. பேசுவது சிகந்திராபாத் தமிழ்; ‘ஏன்’ என்பதற்கு ‘கைக்கு’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’. பல வருஷமாய்க் காதில் குரல் கேட்கிறவர். நான் நாடியைப் பிடித்துப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்: “கைக்கு பயப்படுற ஹீரோ? பாத்தியை முடிச்சுட்டு சாவு.”

ஒரு வாரம் பயத்தில் போகவில்லை. இரண்டு பஸ் மாறி அவர் எங்கள் அபார்ட்மென்ட் வாசலுக்கே வந்தார். வாட்ச்மேன் “பைத்தியம்” என்று விரட்டினான். நான் மாடியிலிருந்து பார்த்தேன். திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனபோது அவருடைய கத்தரிச் செடிகள் கருகிக் கிடந்தன. “நீ திரைய இழுத்தது தெரிஞ்சுது” என்றார். அவ்வளவுதான். செடிகளை என்னையே பிடுங்கச் சொன்னார்.

பிடுங்கி முடித்துப் பம்பு அடிக்கும்போது நெஞ்சு அடைத்தது. “ஆண்டவரே!” என்று கத்தினேன்.

“அவரைக் கூப்புடு. கைய நிறுத்த நக்கோ.”

நிறுத்தவில்லை. குடம் நிறைந்தது. அடுத்ததும் நிறைந்தது. நெஞ்சடைப்பு தானாக இறங்கியது. முதல் தடவையாக நான் ஓடவில்லை. பாத்ரூமில் கேட்ட ஜெபத்துக்குப் பதில் அன்றுதான் வந்தது.

மூன்றாம் மாதக் கடைசியில் ஆபீஸ் லிஃப்டில் ஏறினேன். சட்டை நனைந்தது. எட்டாம் மாடியில் உயிரோடு இறங்கினேன். கர்த்தருக்கு நன்றி. மாத்திரையை இன்றும் போடுகிறேன்.

கமலாக்காவுக்காகவும் ஜெபிக்கிறேன். குரல்கள் நிற்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்து என்னைத் திட்டுகிறார்.

உங்களில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு அழுதால், ஜெபம் பண்ணுங்கள், மாத்திரையைப் போடுங்கள், தார்நாகாவுக்கு வாருங்கள். அங்கே புதிதாய் வந்த ஒருவர் ஜோடி இல்லாமல் வெயிலில் நிற்கிறார்.