செல்லையா அண்ணாச்சியின் ஃபின்லாந்துக்காரர்

புளியங்குடி செல்லையா அண்ணாச்சி காலமானார் என்று வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடிருந்த ஒருவருக்கு அஞ்சலி போட்டு, அவரிடமே வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அண்ணாச்சியின் எண்ணுக்கே போன் போட்டேன். மதினிதான் எடுத்தார். "உள்ளதுதான் தம்பி" என்றார்.

சங்கரன்கோவிலில் நான் நடத்தும் இந்த மாத இதழை வாசிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். ஓய்வுபெற்ற நிருபர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றி எழுதிய ஃபின்லாந்துப் பத்திரிகையாளர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே தொடராக எழுதினார்.

எனக்கு முதல் மாதமே சந்தேகம். குளிரில் உறைந்த மைக்கூட்டை அந்த ஆள் கக்கத்தில் வைத்து உருக்கினாராம். பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருந்தார், தென்காசியைத் தாண்டாத மனுஷன். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் கெடக்கு வே. கொண்டாரேன்" என்றார். மாதங்கள் போயின, புத்தகம் வரவில்லை. புளுகுகிறார் என்று முடிவுகட்டினேன்.

போன தை மாதம் தொடரை நிறுத்தப்போவதாகச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை, அவருக்குப் புரிந்தது. கோபப்படவில்லை.

"சந்தேகப்படுதது நல்லதுதான், நம்ம தொழிலுக்கு அது வேணும். ஆனா அந்த மனுசன் தெரியாத ஊர்ல, சத்திரத்துல காய்ச்சலோட கெடக்கான். அவனை வீட்டுல கொண்டு சேர்த்துட்டு நிறுத்தும் வே."

கையில் கடைசி அத்தியாயம் வைத்திருந்தார். நான் வாங்கவில்லை. அதன்பிறகு அவர் ஆபீஸ் பக்கம் வரவே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது மதினி ஒரு பழைய புத்தகத்தை நீட்டினார். அட்டையும் இல்லை, பின்பாதியும் இல்லை.

"கிழிஞ்சதக் காட்ட வெக்கப்பட்டாவ தம்பி. முழுசாக் கெடைக்குமான்னு தேடிக்கிட்டே இருந்தாவ."

அப்போதும் என் புத்தி போகுமா? அங்கேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். மைக்கூடு இருந்தது. கக்கமும் இருந்தது. அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. சத்திரத்தில் காய்ச்சல் கண்ட இடத்தோடு புத்தகம் நின்றிருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று நான் வாங்காத அத்தியாயத்தை மதினியிடம் கேட்டு வாங்கினேன். இந்த இதழில் அது வருகிறது. ஆறு தாள்கள். அண்ணாச்சியின் ஞாபகமாக அவற்றைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். முதல் தாளின் முதல் வரியில் அவரே எழுதியிருக்கிறார்: "இதற்குமேல் புத்தகத்தில் பக்கம் இல்லை. இனி வருவது என் ஆசை மட்டும்."

அன்றைக்குக் கையை நீட்டி வாங்கியிருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.