வெள்ளை விழுந்த இலை

தெருவில் அவளுக்கு இலைக்காரி என்று பெயர். பள்ளிச் சீருடை தைப்பவள். பூக்கிற செடி ஒன்றுகூட அவள் வீட்டில் கிடையாது. கொல்லையில் பச்சை வலைக்கு அடியில் வெல்வெட் இலை அந்தூரியம், கோடு போட்ட கலாத்தியா, முறம் அகலத்துக்கு அலோகேசியா என்று எங்கெங்கோ உள்ள மழைக்காடுகளில் பிறந்தவையெல்லாம் குடியிருந்தன. பாதி கெஞ்சி வாங்கியவை, மீதி சட்டை தைத்துக் கொடுத்து வாங்கியவை.

"பூக்காத செடிக்கு இவ்ளோ சீராட்டா?" என்பார் நாத்தனார், வரும்போதெல்லாம்.

அத்தனையிலும் அவள் உயிரை வைத்திருந்தது ஒரு மான்ஸ்டெராச் செடியின் மேல். பிறவியிலேயே கிழிந்த அதன் இலைகளில் பாலைக் கொட்டியதுபோல் வெள்ளை. ஆனால் அந்த மழைக்காலத்தில் புது இலை முழுப் பச்சையாக வந்தது. அடுத்ததும் அப்படியே. கணவருக்கு ஒரே குஷி. செடி தேறிவிட்டது என்று எருவை அள்ளிக் கொட்டினார், பச்சை தறிகெட்டு வளர்ந்தது. அவள் தண்டைக் கணுக் கணுவாகத் திருப்பிப் பார்த்தாள். பச்சை ஓங்கிவிட்டால் வெள்ளை பிறகு எட்டிப் பார்க்காது. தண்டில் வெள்ளைக் கோடு கடைசியாகத் தெரியும் கணுவுக்கு மேலே வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடம் அழுகினால் செடியே போச்சு. வேறொன்று கிடைக்கவும் வழியில்லை.

கத்தியை நெருப்பில் காட்டிக்கொண்டு வந்தாள்.

"நல்லா வளர்றத போய் வெட்டுறியே, உனக்கென்ன கிறுக்கா?" என்று கணவர் குறுக்கே நின்றார்.

"தள்ளுங்க. நீங்க இடிச்சா வெட்டு கோணலாயிடும்."

வெட்டிவிட்டாள். அடியிலிருந்த பழைய இலைகள் ஏற்கெனவே பழுத்து உதிர்ந்திருந்ததால், மிஞ்சியது ஒரு மொட்டைக் குச்சி. நாத்தனார் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். இலைக்காரி தினமும் காலையில் குச்சியைத் தொட்டு, அழுகவில்லை என்று தெரிந்த பிறகுதான் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கணவர் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, அவளுக்குத் தெரியாமல் அவரும் தொட்டுப் பார்த்தார்.

கணுவில் ஒரு முளை வந்தது. சுருட்டிய பாய் போல நீண்டு, ஒரு காலையில் மெல்ல விரிந்தது. ஒரு பாதி பச்சை, மறுபாதி சுத்த வெள்ளை. முன்பிருந்த எந்த இலையும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அவள் சிரித்தாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. மெஷினுக்கு அன்று விடுமுறை. தெருவே கொல்லைக்குள் வந்துவிட்டது.

நாத்தனாருக்கு நம்பிக்கை வரவில்லை. சுண்ணாம்பா என்று சுரண்டிப் பார்க்க விரலை நீட்டினார்.

கணவர் பாய்ந்து வந்து மறித்தார்.

"கைய எடுக்கா. எங்க இலை அது."