தலையைத் திருப்பிய கிளி

மடியில் குழந்தையோடு ராட்டை சுற்றும் பெண்ணின் படத்தை எந்த உறையில் வைப்பது? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. காலையில் தீப்பெட்டிப் படங்களைத் தரையில் பரப்பியிருந்த என் மகள், "அம்மா, இது எந்தக் கூட்டத்துல சேரும்மா?" என்று கேட்டதும் அந்தப் படம் நினைவுக்கு வந்தது, கூடவே பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாடையும்.

இவள் கைக்குழந்தையாக இருந்தபோது கோவையில் ஒரு பஞ்சாலை ஆராய்ச்சி நூலகத்தில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. நூல் பண்டல்களில் ஒட்டுகிற வண்ண லேபிள்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வந்திருந்தன. மில் பெயர்வாரியாக அட்டை எழுதச் சொன்னார் நூலகர். எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ரகம் நான். ஆனாலும் மனம் ஆறவில்லை. யாராவது படத்தைச் சொல்லிக் கேட்டால்? ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை தூங்கும்போது, யாரும் கேட்காமலே இன்னொரு வரிசை அட்டை எழுதி, லேபிள்களைப் படவாரியாக உறைகளில் போட்டேன்: யானை, மயில், கிளி.

நூலகர் சிரித்தார். "ஏனுங்கம்மணி, இது லைப்ரரியா, மிருகக்காட்சி சாலையா? ஆறு மாசம் முடியப்போகுதுங்க. உங்க வேலையப் பத்திக் கமிட்டிக்கு நான் என்னன்னு எழுதறது?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

கமிட்டி கூடிய அன்று சென்னிமலையிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். சாயம் நன்றாகப் பிடித்த பழைய நூல் ஒன்று. அது எந்த மில்லுடையது என்று அவருக்குத் தெரியவேண்டும்.

"மில்லுப் பேரை ஆருங்க படிச்சா? கிளி மார்க்குங்க. கோவிச்சுக்கிட்ட மருமவளாட்டத் தலையைத் திருப்பிக்கிட்டு நிக்குமுங்க."

இழுப்பறையைத் திறந்தேன். 'கிளி: தலை திரும்பியது.' உறையிலிருந்து லேபிளை எடுத்து நீட்டினேன்.

"இதேதானுங்கம்மணி!" அவர் போட்ட சத்தத்தில் கமிட்டிக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். நூலகர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர்களிடம், "மிருகக்காட்சி சாலைக்குத் தனியா ஒரு பீரோ வேணுமுங்க" என்றார். வேலை நிரந்தரமானது. அன்று பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தேன்; எதிரே வந்த வண்டிமாடுகளிடம்கூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

இப்போது பண்டல்களில் படமே இல்லை, கறுப்பு மையில் எண் மட்டும். நெசவாளர்களும் எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ராட்டைப் பெண் மட்டும் இன்னும் என் மேசையிலேயே இருக்கிறாள். அட்டை இரண்டு எழுதலாம், படம் ஒன்றுதானே? 'தாய்' உறையா, 'நூற்பவள்' உறையா? அவளைத் தேடி நீங்கள் வந்தால் எதை முதலில் திறப்பீர்கள்? எனக்கு எழுதுங்கள். அங்கேயே வைத்துவிடுகிறேன்.